ஈரானின் மெய்மந்த் சிற்றூர்: இருப்பிடமும் மக்கள்தொகையும் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியையான நான், பாறையைக் குடைந்து வீடமைத்து வாழும் ஊர்களைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதி வருகிறேன். பாரசீகம் பேசும் மெய்மந்த் என்ற ஊரைப் பற்றிய பக்கம் மூன்று நாள்களாக நகரவில்லை. ஒரு குறிப்பு அவ்வூரைக் கெர்மான் மாகாணத்தில் காட்டுகிறது. மற்றொன்று, ரோஜாப் பூவிலிருந்து வடிக்கும் பன்னீருக்குப் பெயர்பெற்ற ஃபார்ஸ் மாகாணத்து ஊர் என்கிறது. மக்கள்தொகையும் ஓரிடத்தில் பல ஆயிரம், ஓரிடத்தில் 673, பயணக் கட்டுரைகளில் 150 என்று மாறுகிறது. 673க்கு எதிரே 1385 என்று ஆண்டு போட்டிருக்கிறது. இத்தனை பழைய காலத்தில் யார் தலை எண்ணியிருப்பார்கள்?

பதில் 1:
அம்மா, நீங்கள் பார்த்தவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். பாரசீக எழுத்தில் இரண்டின் பெயரும் ஒன்றே என்பதால் குழப்பம் இயல்பானது. பன்னீர் வடிக்கும் மெய்மந்த், ஃபிரூசாபாத் பக்கம் உள்ள ஒரு நகரம். பல ஆயிரம் என்ற கணக்கு அதற்குரியது. உங்களுடைய குடைவரை ஊர், கெர்மான் மாகாணத்தில் ஷஹ்ரே பாபக் மாவட்டத்தில், நடு ஈரான் மலைகளின் தென்கோடியில் ஒரு பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிறது. யுனெஸ்கோ 2015இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது இதைத்தான். ஈரானில் எந்தச் சிற்றூரைத் தேடினாலும் ஊர்ப்பெயரோடு நிறுத்திவிடாமல் மாகாணம், மாவட்டம், அதன் கீழுள்ள பக்ஷ், அதற்கும் கீழுள்ள தெஹெஸ்தான் என்னும் ஊரக வட்டம் வரை ஒத்துப் பாருங்கள். அலியாபாத், ஹொசேனாபாத் போன்ற பெயர்களில் அங்கே எண்ணற்ற ஊர்கள் உண்டு.

பதில் 2:
1385 என்பது ஈரானியச் சூரிய ஆண்டு. அவர்களுடைய புத்தாண்டு மார்ச் மாதத்தில் பிறப்பதால், ஆண்டின் பெரும்பகுதிக்கு 621ஐயும், இறுதி மாதங்களுக்கு மட்டும் 622ஐயும் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு இலையுதிர் காலத்தில் நடந்தது. ஆகவே அது 2006.

கேட்டவர்:
மிக்க நன்றி. நான் அதைப் பதினான்காம் நூற்றாண்டு என்றே எழுதிவிட்டிருப்பேன். ஆனால், ஊர் ஒன்றே என்றால் 673க்கும் 150க்கும் இவ்வளவு இடைவெளி ஏன்?

பதில் 1:
மெய்மந்த் மக்கள் கால்நடை வளர்ப்போர். ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்குவதில்லை. குளிர்காலத்தில் கமர் எனப்படும் மென்பாறையில் குடைந்த வீடுகளில் வாழ்ந்துவிட்டு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேய்ச்சல் நிலங்களையொட்டிய தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் பயணி ஒருவர் எந்தப் பருவத்தில் போனார் என்பதைப் பொறுத்து அவர் கண்ணில் பட்ட தலைகளின் எண்ணிக்கை மாறும். என் கருத்தில் 150 என்பது அப்படி ஒருவர் கண்டதோ கேட்டதோதான். அதைக் கணக்கெடுப்பு எண்ணோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. எண்ணுடன் ஆண்டையும், மக்கள் இடம்பெயரும் பருவங்களையும் சேர்த்தே எழுதுங்கள். ஊரின் வாழ்க்கையே அந்தப் பெயர்ச்சியில்தான் இருக்கிறது.

கேட்டவர்:
இவ்வாறு திருத்தியிருக்கிறேன்: “மெய்மந்த், ஈரானின் கெர்மான் மாகாணத்தில் ஷஹ்ரே பாபக் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். 2006 கணக்கெடுப்பின்படி இங்கு 673 பேர் இருந்தனர். மந்தைகளோடு மக்கள் இடம்பெயர்வதால், பாறை வீடுகளில் தங்கியிருப்போர் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் மாறும்.” ஃபார்ஸ் மாகாணத்து நகரத்தின் படத்தையும் அப்பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன்.