புதுப்பிப்பு: ஒரே குவெரி பல ஐடிகளில் வந்த காரணம்

போன வாரம் கேட்டிருந்தேன்: ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்காகக் காரைக்குடியிலிருந்து நான் பார்த்துக்கொள்ளும் போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸில், இருப்பு பார்க்கும் ஒரே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), குவெரிகளின் புள்ளிவிவரம் சேர்க்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனில் ஏன் பல வரிகளாக, வேறு வேறு ஐடியோடு நிற்கிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது.

அந்த ஐடி குவெரியின் எழுத்துகளை மட்டும் வைத்துப் பிறப்பதில்லை. டேபிளின் உள் எண்ணான ஓஐடியும் கணக்கில் சேர்கிறது. எங்கள் இரவு வேலை இருப்பு டேபிளை டிராப் செய்து, அதாவது அழித்து, புதிதாக உருவாக்கும். தினம் புது ஓஐடி, தினம் புது ஐடி! டிராப்புக்குப் பதில், டேபிளை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மட்டும் காலி செய்யும் டிரங்கேட் போட்டேன். நாலு நாளாக ஒரே வரிதான். வெர்ஷன் 18-இல் டேபிளின் பெயரே கணக்கில் வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், மற்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு (டேட்டாபேஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்களுக்கு) இந்த ஐடி எப்படிக் கிடைக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். 2021-இல் வந்த வெர்ஷன் 14-க்கு முன் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் தானே கணக்கிட்டது. இப்போது சர்வர் கணக்கிட்டு எல்லாருக்கும் ஒரே எண்ணைத் தருகிறது. அந்தந்த நேரம் ஓடும் குவெரிகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியிலும் அதே எண். மெதுவாக ஓடும் குவெரியை அங்கே பிடித்து நேரே அதன் புள்ளிவிவர வரிக்குப் போக முடிகிறது. எனக்கு அது பெரிய நிம்மதி. சொந்தமாக ஐடி கணக்கிடும் எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள் மட்டும் சர்வரின் இந்தக் கணக்கீட்டுக்கான கம்ப்யூட்_குவெரி_ஐடி செட்டிங்கை ஆஃப் செய்துவிடுங்கள்.