ஊசி போடாத டாக்டர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கிளினிக் டாக்டர், ஒட்டன்சத்திரம் பக்கம்:
தொண்டை வலி என்று வருகிறவர்களில் பலர் உட்காரும் முன்பே, "ஆன்டிபயாடிக் எழுதிடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்பார்கள். நான் சென்டர் (Centor) மதிப்பெண் பார்ப்பேன், அதாவது தொண்டை வலி பாக்டீரியாவால் வந்திருக்குமா என்று கணிக்கும் கணக்கு. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிப்பது, இருமல் இல்லாதது: ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 0 அல்லது 1 வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பாரசிட்டமாலும் உப்புநீர்க் கொப்பளிப்பும் போதும். 1981இல் வந்த கணக்கு இது, போட ஒரு நிமிடம் ஆகாது. அதைப் புரியவைக்கத்தான் நேரம் போகிறது, வெளியே கூட்டம் வேறு.

"இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள்" என்று முன்கூட்டியே சீட்டு கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. இங்கே சீட்டு கையில் இருந்தால் நேரே மெடிக்கல் ஷாப்தான். (சீட்டே இல்லாமல் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் வாங்குவது தனிக் கதை.) அதனால் மூன்றாம் நாள் திரும்ப வரச் சொல்வேன், அதற்கு ஃபீஸ் கிடையாது. ஆனால் மதிப்பெண் 3, 4 வந்த குழந்தையை அப்படி விட மாட்டேன். தொண்டையில் பாக்டீரியா தொற்றைக் கவனிக்காமல் விட்டால் வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை, இதய வால்வையே கெடுத்துவிடும். அங்கே ஆன்டிபயாடிக் முழுக் கோர்ஸ் கட்டாயம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, மதுரை:
பொண்ணுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது எங்கள் டாக்டர் கொடுத்தது ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் சிரப், அவ்வளவுதான். மாமியாருக்கு ஒரே கோபம், "டிரிப்ஸ்கூட ஏத்தலையே!" ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், போக்கு நின்றாலும் நிறுத்தாமல் ஜிங்க் மொத்தம் 14 நாள் தர வேண்டும் என்றார் டாக்டர். கண் குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ராத்திரியானாலும் கூப்பிடச் சொன்னார். கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை.

தஞ்சாவூர்க்காரர்:
அப்பாவுக்கு 82 வயது. ஓர் இடத்தில் பி.பி. 150ஐத் தாண்டுகிறது என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். அதற்குப் பிறகு காலையில் எழுந்தாலே தலைசுற்றல், ஒருநாள் பாத்ரூமில் விழப் பார்த்தார். எங்கள் பழைய குடும்ப டாக்டர் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பி.பி. எடுத்தார். 152 எங்கே, 118 எங்கே! ஒரு மாத்திரையைக் குறைத்தார். விதிமுறையைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிற டாக்டர் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

கிளினிக் டாக்டர், ஒட்டன்சத்திரம் பக்கம்:
சார், அவர் செய்ததே விதிமுறைதான். பி.பி. இருப்பவர்களில் 80 வயதை எட்டியவர்கள், டைப் 2 சர்க்கரை உள்ளவர்கள், எழுந்தால் தலைசுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் நிற்கவைத்தும் பி.பி. பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் (NICE) வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கூட்டம் அதிகமான இடங்களில் முதலில் விட்டுப்போவது அதுதான். அடுத்த முறை எங்கே போனாலும், "நிக்கவெச்சும் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.