ஜார்ஜ் டவுனில் எங்கே சாப்பிடலாம்?

திருச்சிக்காரி:
அடுத்த மாதம் அம்மாவுடன் மலேசியாவின் பினாங்கு வருகிறேன். மூன்று நாள், தங்குவது அங்கே ஜார்ஜ் டவுன் நகரில், சூலியா தெருவில். போன முறை வெளியூர் போனபோது தங்கிய விடுதியிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டோம், அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இந்த முறை ஊர்க்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிட ஆசை. எனக்கு எதுவும் ஆகும். அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டார்.

துறைமுகத்து வீட்டுக்காரன்:
வாருங்கள் தங்கச்சி. முதல் வேளை நாசி கண்டார்தான், அதில் பேச்சே இல்லை. நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தடி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டுபோய் விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூரிலிருந்து வந்து மூட்டை தூக்கிய என் தாத்தா அந்தச் சோற்றில்தான் பசியாறினார். அதனால் இதைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேம்பல் தெருவில் ஹமீதியா என்ற நாசி கண்டார் கடை 1907 முதல் நடக்கிறது. பினாங்கு சாலையை ஒட்டிய சந்தில் லைன் கிளியர் என்ற இன்னொரு கடை இருக்கிறது. வரிசையில் நின்று, வேண்டிய கறியை விரலால் காட்டுங்கள். கடைசியில் "பஞ்சிர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று பொருள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சோறு மூழ்க ஊற்றுவார்கள். தயவுசெய்து தனித்தனிக் கிண்ணத்தில் கேட்காதீர்கள். அந்தக் கலவையில்தான் ருசியே இருக்கிறது. மீன் முட்டையும் பெரிய இறாலும் விலை கூடும், கேட்டுவிட்டு எடுங்கள்.

மாலையில் பாடாங் கோத்தா கடற்கரைப் பக்கம் பசெம்போர். வெள்ளரிக்காய்ச் சீவல், இறால் வடை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கி, மேலே இனிப்பும் காரமுமான கெட்டிச் சாறு ஊற்றித் தருவார்கள்.

குயின் தெரு அக்கா:
அம்மாவை மறந்துவிட்டீர்களே தம்பி! எங்கள் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சைவக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இட்லி தோசைக்காகவா இவ்வளவு தூரம் வருவது? சீனர்களின் சைவ உணவகத்துக்கு அழைத்துப் போங்கள். பௌத்த முறைப்படி சமைப்பவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற கடைகளில் வெறும் கீரை வதக்கலை நம்பிவிடாதீர்கள். பெலாச்சான் என்ற இறால் விழுது அதில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெயில் நேரத்தில் கெங் குவீ சந்தில் செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை மாவு இழை, சிவப்புப் பயறு, ஐஸ். அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்பார்.

திருச்சிக்காரி:
இருவருக்கும் நன்றி. லக்சா பற்றி யாரும் சொல்லவில்லையே?

துறைமுகத்து வீட்டுக்காரன்:
அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் அசாம் லக்சாவில் தேங்காய்ப்பால் கிடையாது. அசாம் என்றால் மலாயில் புளிப்பு, மாநிலத்தின் பெயர் இல்லை. கானாங்கெளுத்தி மீனை உதிர்த்துப் போட்ட புளிச்சாறு. அதில் அரிசி நூடுல்ஸ், புதினா, அன்னாசித் துண்டு. அந்தப் புளி நம் கொடம்புளிக்கு உறவு. புளிக்குழம்பு பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும். அம்மாவுக்கு ஆகாது.

திருச்சிக்காரி:
குறித்துக்கொண்டேன். அம்மா பெலாச்சான் என்ற சொல்லை மட்டும் தன் கைப்பையில் இருக்கும் சீட்டில் தானே எழுதி வைத்துக்கொண்டார்.