தோற்றுத் தோற்று ஒரு அணியைக் கட்ட முடியுமா?

காலை ஐந்தரை:
2025இல் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையைத் தூக்கியதிலிருந்து எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு. "இரண்டு மூன்று வருடம் தோற்றால் என்ன, பொறுமையாக இருந்தால் ஒக்லஹோமா சிட்டி மாதிரி ஆகலாம்" என்கிறார்கள். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தோற்ற அணிகளுக்குத்தான் முன்வரிசை பிக் (தேர்வு வாய்ப்பு) என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை, அதனால்தான் இந்த இழை.

தொடர்ந்து தோற்கும் சீசன்கள் அணியின் கலாச்சாரத்தைக் கெடுக்கும் என்பது என் கட்சி. கலாச்சாரம் என்று நான் சொல்வது லாக்கர் ரூம் சுவரில் ஒட்டும் வாசகத்தை அல்ல. 20 புள்ளி பின்தங்கியிருக்கும்போதும் டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடுகிறார்களா, பக்கத்து ஆள் விட்டுவிட்டால் ஓடிப்போய் அடைக்கிறார்களா என்பதைத்தான் சொல்கிறேன். 19 வயதில் லீக்குக்குள் வருகிற பையன் முதல் இரண்டு வருடத்தில் எதைப் பழகுகிறானோ அது அவனோடு ஒட்டிக்கொள்ளும். 82 ஆட்டத்தில் 65 தோல்வி என்றால், பிப்ரவரி வரும்போது தோல்வி வலிப்பதே நின்றுவிடும். அப்புறம் அவன் பார்ப்பது தன் புள்ளிக் கணக்கை மட்டும்தான். அடுத்த கான்ட்ராக்ட் அதில்தானே இருக்கிறது.

சேக்ரமென்டோ கிங்ஸைப் பாருங்கள். 2006க்குப் பிறகு 16 சீசன் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்று, பக்கமே வரவில்லை. லீக் வரலாற்றிலேயே நீளமான வறட்சி அது. வருடா வருடம் உயர்ந்த டிராஃப்ட் பிக் கிடைத்தது. டிமார்கஸ் கசின்ஸ் போன்ற சென்டர் இருந்தார். ஆனாலும் அந்த 16 வருடத்தில் ஒரு சீசனில்கூட பாதி ஆட்டத்தை வெல்லவில்லை. திறமை வந்துகொண்டே இருந்தும் ஏன் நடக்கவில்லை? யாராவது சொல்லுங்கள்.

நீலச் சட்டை:
நான் சொல்கிறேன். சேக்ரமென்டோவில் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் நண்பரே. அந்த 16 வருடத்தில் பத்துக்கும் மேற்பட்ட தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். மைக்கேல் மலோனை 2014 டிசம்பரில், சீசன் பாதியில் வெளியே அனுப்பினார்கள். அதே மலோன் 2023இல் டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். மேலே இருந்தவர்கள் நிலையாக இல்லை, அதனால் தோற்றார்கள். தோற்றதால் கெட்டுப்போனார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

தண்டரை எடுங்கள். 2020-21இல் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்த சீசன் 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸிடம் 152-79 என்று 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். என்பிஏ வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஒரு அணியின் மனது உடைவதற்கு அது போதாதா? ஆனால் மார்க் டெய்க்னால்ட்தான் அன்றும் பயிற்சியாளர், இன்றும் அவர்தான். ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், லு டோர்ட், கென்ரிச் வில்லியம்ஸ், ஆரன் விக்கின்ஸ் நால்வரும் அந்த 24 வெற்றி அணியில் இருந்தவர்கள். நால்வரும் 2025இல் சாம்பியன்கள். டோர்ட் டிராஃப்டிலேயே எடுக்கப்படாதவர், விக்கின்ஸ் 55ஆவது பிக். அந்தத் தோல்வி வருடங்கள் இல்லையென்றால் இவர்களுக்கு ஆட நேரமே கிடைத்திருக்காது.

காலை ஐந்தரை:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. ஷாய் தோல்வியில் வளர்ந்தவர் இல்லை. ரூக்கியாக, அதாவது முதல் வருடத்தில், கிளிப்பர்ஸில் 48 வெற்றி, பிளேஆஃபில் வாரியர்ஸோடு ஆறு ஆட்டம். அடுத்த வருடம் ஒக்லஹோமாவில் கிறிஸ் பால் பக்கத்தில் நின்று ஆடினார், அந்த அணி 44 ஆட்டம் வென்றது. வெற்றி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தோல்வி சீசன்கள் வந்தன.

மற்ற இரண்டு பெரிய ஆட்கள்? ஜேலன் வில்லியம்ஸ் வந்த வருடம் அணி 40 ஆட்டம் வென்றுவிட்டது. செட் ஹோம்கிரன் அந்த வருடம் முழுக்கக் காயத்தில் இருந்தார். அவர் முதலில் களத்தில் இறங்கிய சீசன் 57 வெற்றி. மூவரில் ஒருவர்கூட தோல்வியிலேயே பிறந்து வளர்ந்தவர் இல்லை. தண்டரின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி பாதாளத்தில் இருந்தது இரண்டே இரண்டு சீசன்தான். அதை வைத்து "நான்கு வருடம் தோற்கலாம்" என்று மற்ற அணிகள் பாடம் படிக்கின்றன.

நீலச் சட்டை:
ஹோம்கிரன் விஷயம் நான் யோசிக்காதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெட்ராய்டுக்கு என்ன சொல்வீர்கள்? 2023-24இல் 14 வெற்றி, 68 தோல்வி. நடுவில் தொடர்ச்சியாக 28 தோல்வி; ஒரே சீசனில் அவ்வளவு நீளமாக யாரும் தோற்றதில்லை. அடுத்த வருடம் 44 வெற்றி! கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டியூரன், ஐசையா ஸ்டூவர்ட், ஆசார் தாம்சன் எல்லாரும் அதே ஆட்கள். நீங்கள் சொல்கிற மாதிரி கலாச்சாரம் அழுகிப் போயிருந்தால் ஒரே கோடையில் எப்படிச் சரியாகும்?

பழைய பாயிண்ட் கார்டு:
இரண்டு பேரும் மேலே இருந்து பார்க்கிறீர்கள் தம்பிகளா. நான் மைதானத்துக்குள் இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கல்லூரியில் மூன்று வருடம் ஆடினேன். முதல் இரண்டு வருடம் எங்கள் அணி ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. கல்லூரியின் பெயர் வேண்டாம். வருடத்துக்கு ஒரு கோச் மாறினார். தோல்வி எங்களை முதலில் எங்கே தொட்டது தெரியுமா? வாயில். டிஃபென்ஸில் "ஸ்கிரீன் வருது, இடது பக்கம்" என்று, வழிமறிக்க ஆள் வருவதைச் சொல்லி, பின்னால் இருந்து கத்துவோம் இல்லையா, அது மெல்ல நின்றுபோனது. யாரும் முடிவு எடுத்து நிறுத்தவில்லை. தோற்கும் அணியில் சத்தம் போட்டால், பிறகு அந்தக் கூடை விழுந்ததற்கு நாம்தான் பொறுப்பு ஆகிவிடுவோமோ என்ற பயம். அமைதியாக இருந்தால் பழி வராது. மூன்றாம் வருடம் வந்த மேடம் புதிய ஆட்டம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சியில் யார் எத்தனை முறை குரல் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எண்ணி எழுதினார்கள், குறைந்தவர்கள் வெளியே உட்கார்ந்தோம். அந்த வருடமும் பாதிக்கு மேல் தோற்றோம். ஆனால் அது வேறு அணி.

அதனால் டெட்ராய்ட் ஒரே கோடையில் சரியானது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சும்மா சரியாகவில்லை, அதற்கு விலை கொடுத்தார்கள். பயிற்சியாளர் மான்ட்டி வில்லியம்ஸுக்கு ஆறு வருடத்துக்கு 7.85 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே வருடத்தில் அனுப்பினார்கள். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மலிக் பீஸ்லி என்று வயதில் மூத்தவர்களைக் கொண்டுவந்தார்கள். காயம் இருந்தது, மருந்து போட்டார்கள், ஆறியது. ஆறியதால் காயமே இல்லை என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. கன்னிங்ஹாம் பிழைத்தார், அதனால் அவரைப் பற்றிப் பேசுகிறோம். கில்லியன் ஹேய்ஸ் 2020இல் அதே அணி எடுத்த 7ஆவது பிக். 2024 பிப்ரவரியில், அந்த 14 வெற்றி சீசனின் நடுவிலேயே, விடுவித்துவிட்டார்கள். நல்ல அணிக்குப் போயிருந்தால் அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான்? தோல்வி சீசன்களின் கணக்கில் இப்படிக் காணாமல் போனவர்களையும் சேருங்கள்.

ஆறாவது ஆள்:
அக்கா சொன்னதற்கு ஃபிலடெல்ஃபியாவே சாட்சி. சாம் ஹிங்கி பொது மேலாளராக இருந்த காலத்தில், 2013-14 முதல், 19, 18, 10 வெற்றி. மூன்று சீசனில் மொத்தம் 47 வெற்றி, 199 தோல்வி. மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் அந்த 19 வெற்றி அணியில் 2014இன் சிறந்த ரூக்கி ஆனார், அடுத்த பிப்ரவரியில் வேறு அணிக்கு டிரேடு, பிறகு அந்த உயரத்துக்குத் திரும்பவே இல்லை. ஜாலில் ஒகாஃபோர் 10 வெற்றி அணியில் ஆட்டத்துக்கு 17.5 புள்ளி எடுத்தார். தோற்கும் அணியில் யாராவது புள்ளி எடுத்துத்தான் ஆக வேண்டும். டிஃபென்ஸ் பழக்கமில்லாமல் எடுத்த அந்தப் புள்ளிகளுக்கு வெளியே மதிப்பு இல்லை என்று இரண்டு வருடத்தில் தெரிந்துவிட்டது.

டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் லாட்டரியும் முன்பு மாதிரி இல்லை. கடைசி இடத்து அணிக்கு முன்பு முதல் பிக்குக்கு 25 சதவீத வாய்ப்பு இருந்தது. 2019இல் அதைக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் ஆக்கினார்கள். டெட்ராய்ட் இரண்டு வருடம் தொடர்ந்து கடைசியில் முடித்து இரண்டு முறையும் 5ஆவது பிக்தான் வாங்கியது. 2024-25இல் யூட்டா 17 வெற்றியோடு கடைசி, அதற்கும் 5ஆவதுதான். 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு முதல் பிக், அதில் கூப்பர் ஃபிளாக்.

நீலச் சட்டை:
ஃபிலடெல்ஃபியா பற்றி ஒரு திருத்தம். எல்லாரும் 2021இல் அட்லான்டாவுக்கு எதிராக பென் சிம்மன்ஸ் கூடைக்கு அடியில் இருந்தும் டங்க் அடிக்காமல் பந்தைப் பாஸ் செய்ததைக் காட்டி "தோல்விக் கலாச்சாரம்" என்கிறார்கள். சிம்மன்ஸ் ஹிங்கி போன பிறகு வந்தவர், முதல் சீசன் காயத்தில் உட்கார்ந்திருந்தார், ஆடத் தொடங்கிய வருடமே 52 வெற்றி. அந்தத் தோல்விகளில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. அந்தக் குழியின் நடுவில் டிராஃப்ட் ஆன ஜோயல் எம்பீட் 2023இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர். தோல்விதான் கெடுத்தது என்றால் கெட்டிருக்க வேண்டியவர் அவர்தானே?

காலை ஐந்தரை:
எம்பீடும் அந்த இரண்டு வருடம் கால் காயத்தில் ஆடவில்லை நண்பரே. நீங்கள் சிம்மன்ஸுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

நீலச் சட்டை:
உண்மை. அதை எடுத்துவிடுகிறேன். ஹூஸ்டனை வைக்கிறேன். 2020-21 முதல் 17, 20, 22 வெற்றி மட்டும் என்று மூன்று வருடம் தோற்றார்கள். அல்பெரன் ஷெங்குன் அதில் இரண்டு வருடம் முழுக்க ஆடினார், காயம் காரணமாக ஒதுங்கி இருக்கவில்லை. 2024-25இல் அதே ஷெங்குனோடு 52 வெற்றி, மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம். இதற்கு என்ன பதில்?

ஸ்கார்பரோ சிவா:
இதற்கு நான் பதில் சொல்லலாமோ? ஹூஸ்டன் திரும்பியது பயிற்சியாளர் ஈமே உடோகா வந்தபிறகு, எங்கள் ஃபிரெட் வான்வ்ளீட்டும் டிலன் புரூக்ஸும் அங்கே ஆடப் போனபிறகு. வான்வ்ளீட் டிராஃப்டில் எடுபடாமல் டொராண்டோவுக்கு வந்தவர், 2019 கோப்பையில் இருந்தவர். அவரை வாங்க மூன்று வருடத்துக்கு 13 கோடி டாலர் வரை கொடுத்தார்கள். அது புள்ளி எடுக்கிறதுக்கு மட்டும் கொடுத்த காசு இல்லை. பெடியளுக்கு வேலை செய்யிற முறையைக் காட்ட ஒரு மூத்தவர் வேணும் என்று கொடுத்த காசு.

நான் உங்களுக்கு 2013ஐ ஞாபகப்படுத்துகிறேன். டிசம்பரில் எங்கள் டொராண்டோ ராப்டர்ஸ் 6 வெற்றி, 12 தோல்வியோடு நின்றது. ரூடி கேயை டிரேடு செய்தார்கள். இங்கே எல்லாரும் இனி இந்த சீசன் முடிஞ்சுது, டிராஃப்டுக்காகத் தோற்கப் போகிறார்கள் என்றுதான் கதைத்தோம். கைல் லௌரியையும் அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. ஆனால் அந்த டிரேடுக்குப் பிறகு மிச்சம் 64 ஆட்டத்தில் 42ஐ வென்றார்கள். மொத்தம் 48 வெற்றி. பிளேஆஃபில் புரூக்ளினிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம், அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குக் கலைத்திருந்தால் லௌரி இல்லை, டிமார் டிரோசன் அப்படி வளர்ந்திருக்க மாட்டார், அவரைக் கொடுத்து கவாய் லெனார்டை வாங்கியிருக்கவும் முடியாது. 2019 இல்லை. எங்கள் கோப்பை வெல்லப் பழகிய அணியில் இருந்து வந்தது.

நீலச் சட்டை:
அண்ணா, அதே ராப்டர்ஸ் 2020-21இல் டாம்பாவில் ஆடி 27 வெற்றி எடுத்து, 4ஆவது பிக்கில் ஸ்காட்டி பார்ன்ஸை வாங்கியது. அடுத்த வருடம் 48 வெற்றி. அந்தத் தோல்வி யாரையும் கெடுக்கவில்லையே?

ஸ்கார்பரோ சிவா:
கெடுக்கவில்லை. ஏனென்றால் அது கொரோனாவால் வீட்டைவிட்டு ஃபுளோரிடாவில் ஆடின வருடம். லௌரி, வான்வ்ளீட், பாஸ்கல் சியாகம் எல்லாரும் அறையில் இருந்தார்கள். தோல்வி அவர்களுக்கு அவமானமாக இருந்தது. அறையில் யாருக்குமே அது அவமானமாக இல்லாத நாள் வந்தால்தான் பயப்பட வேண்டும்.

பழைய பாயிண்ட் கார்டு:
மயாமியும் அப்படித்தான். 2007-08இல் 15 வெற்றி, 67 தோல்வி. அதற்குப் பிறகுதான் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா பயிற்சியாளர் ஆனார். யுடோனிஸ் ஹாஸ்லெம் 2003 முதல் 2023 வரை அந்த அறையிலேயே இருந்தார். பெரிய தோல்வி ஒன்று வந்து போனது, அறையின் சட்டம் மாறவில்லை.

நீலச் சட்டை தம்பி, நீங்கள் சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஏற்கிறேன்: பையன்கள் தோற்றுத்தான் கற்க வேண்டும், அதற்கு ஆட நேரம் வேண்டும். எனக்குக் கோபம் வருவது அணி நிர்வாகமே தோற்க விரும்பும்போது. யூட்டா ஆட வேண்டிய லாரி மார்க்கனனை உட்கார வைத்ததற்காக லீக் 2025 மார்ச்சில் 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பெஞ்சில் இருக்கும் 20 வயதுப் பையனுக்கு அது என்ன சொல்கிறது? "நீ ஜெயிப்பது எங்களுக்கு வேண்டாம்" என்றுதானே.

நீலச் சட்டை:
அக்கா, அங்கே நான் உங்கள் பக்கம். ஆனால் அந்த விதியை எழுதியது லீக். கடைசி இடத்துக்குப் பரிசு வைத்துவிட்டு அணியைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. சிறிய ஊரில் இருக்கும் அணிக்குப் பெரிய வீரர் தானாக வந்து கையெழுத்துப் போட மாட்டார். டிராஃப்ட் ஒன்றுதான் வாசல். தோல்வி கலாச்சாரத்தைச் சோதிக்கிறது என்பதுவரை வருவேன். கெடுக்கிறது என்பதற்கு இன்னும் வர மாட்டேன்.

காலை ஐந்தரை:
சரி, அப்படியானால் ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன். 2025 ஏப்ரல் 13, சீசனின் கடைசி நாள். வாஷிங்டன் விசார்ட்ஸ் மயாமியில் ஆடுகிறது. முந்தின வருடம் 15 வெற்றி, அந்த வருடம் அதுவரை 17. தோற்றால் யூட்டாவோடு கடைசி இடத்தில் சமம். அன்றைய விதிப்படி கடைசி இடத்து அணி லாட்டரியில் 5ஆவது பிக்குக்குக் கீழே இறங்காது, அதற்கு முந்தைய அணி 6 வரை இறங்கலாம். பப் கேரிங்டன், 19 வயது ரூக்கி, 82 ஆட்டமும் ஆடியவர், கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போட்டு அணியை ஜெயிக்க வைத்தார். மே மாதம் லாட்டரியில் வாஷிங்டனுக்குக் கிடைத்தது 6ஆவது பிக்.

அந்த ஷாட்டை அவர் போட்டிருக்க வேண்டுமா, கூடாதா?

நீலச் சட்டை:
போட்டிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருடத்தில் 131 தோல்வி பார்த்த ஓர் அணியில் இருந்துகொண்டு ஒரு பையன் அந்த ஷாட்டைப் போட்டான், பெஞ்ச் முழுக்க எழுந்து ஓடி வந்தது. நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

பழைய பாயிண்ட் கார்டு:
2025 கோடையில் மூத்த வீரர் சி.ஜே. மெக்கொலமும் அங்கே போனார், கிறிஸ் மிடில்டன் அப்போது ஏற்கெனவே இருந்தார். அந்த அணியில் நான் பார்க்கப் போவது ஸ்கோர் இல்லை. நான்காவது குவார்ட்டரில் 20 புள்ளி பின்னால் இருக்கும்போது, கேரிங்டனும் அலெக்ஸ் சாரும் டிஃபென்ஸில் வாய் திறந்து பேசுகிறார்களா என்று பார்ப்பேன்.