ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: சிக்னலின் சீர்மையை எந்த அளவையால் அளப்பது?

கேள்வி – ஆய்வு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்) உள்ளவர்களின் இதய மேலறையில் கதீட்டர் (இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக, அருகருகே உள்ள இரு மின்முனைகளுக்கு இடையே பதிவான இருமுனைச் சிக்னல்களை ஆராய்ந்து வருகிறேன். ஒவ்வொரு பதிவும் 4 விநாடி நீளம். விநாடிக்கு 1000 மாதிரிகள். இரண்டு இடங்களில் முதன்மை அதிர்வெண் (சிக்னலில் மிக வலுவாக உள்ள அதிர்வெண்) ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸ் என்றே வருகிறது. ஆனால் திரையில் பார்த்தால் ஒன்றில் துடிப்புகள் சம இடைவெளியில் வருகின்றன, மற்றதில் முன்னும் பின்னுமாகச் சிதறியிருக்கின்றன. சிக்னலின் ஒழுங்கின்மையை அளக்கும் சாம்பிள் என்ட்ரோபியோ (மதிப்பு குறைந்தால் சீர்மை அதிகம்) சிதறியதற்கே குறைந்த மதிப்பைத் தருகிறது. எதை நம்புவது?

பதில் – சிக்னல் பகுப்பாய்வாளர்:
முதன்மை அதிர்வெண் வேகத்தை மட்டுமே சொல்லும். சீர்மை தெரிய வேண்டுமானால் நிறமாலையில் (எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக உள்ளது என்று காட்டும் வரைபடம்) அந்த அதிர்வெண்ணில் எழும் உச்சம் எவ்வளவு கூர்மையானது என்று பார்க்க வேண்டும். 2001இல் எவரெட் குழுவினர் முன்வைத்த ஒழுங்குக் குறியீடு, முதன்மை உச்சத்துக்கும் அதன் மடங்கு உச்சங்களுக்கும் அடியிலுள்ள பரப்பை மொத்தப் பரப்பால் வகுக்கிறது. அதைக் கணக்கிடும் முன் போட்டெரான், ஸ்மித் இருவரின் முறைப்படி 40–250 ஹெர்ட்ஸ் மட்டும் தங்கும்படி வடிகட்டி, எதிர்மறைப் பகுதியை நேர்மறையாக்கி, 20 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை நீக்குங்கள். இல்லையேல் தாளத்துக்குப் பதிலாக ஒவ்வொரு துடிப்பின் வடிவமே நிறமாலையை ஆளும்.

பதில் – உயிர்மருத்துவப் பொறியாளர்:
என்ட்ரோபி ஏன் தலைகீழாக வருகிறது என்பதே இங்கு முக்கியம் என்று கருதுகிறேன். வழக்கமான m=2 என்ற அளவை (ஒப்பிடும் துண்டில் எத்தனை மாதிரிகள் என்பதே m) அப்படியே எடுத்தால், உங்கள் பதிவு வேகத்தில் ஒப்பிடப்படுவது 2 மில்லி விநாடித் துண்டுதான், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியோ 170 மில்லி விநாடிக்கு அருகில். துடிப்புகளுக்கு நடுவே சிக்னல் தட்டையாகக் கிடக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்திவிடுவதால், அப்பகுதிகள் நீளமான பதிவு சீரானது போலத் தோன்றும். இடைவெளிகளின் மீதே கணக்கிடலாமென்றால், 4 விநாடியில் சுமார் 23 இடைவெளிகள்தான் கிடைக்கும். சாம்பிள் என்ட்ரோபிக்கு அது போதாது. அவற்றின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். துடிப்பு வடிவங்களின் ஒற்றுமையையும் தனியே அளவிடுங்கள்.

பதில் – இதய மின்னியல் மருத்துவர்:
ஒரு எச்சரிக்கை. சீர்மை குறைந்த இடம் நோயின் மூலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறிடத்திலிருந்து வரும் அலைகள் மோதும் இடமும் அப்படியே தெரியும். 2004இல் நடெமனீ குழுவினர் சிதைந்த சிக்னல் உள்ள இடங்களைக் கதீட்டர் வழியே சுட்டுச் செயலிழக்கச் செய்து நல்ல பலன் கண்டதாக எழுதினர். ஆனால் 2015இல் வெளியான ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வில், நுரையீரல் சிரைகளைத் தனிமைப்படுத்துவதோடு (அவற்றிலிருந்து மின்தூண்டல் மேலறைக்குப் பரவாமல் தடுப்பதோடு) அந்த இடங்களையும் சுட்டதால் நோய் திரும்பி வருவது குறையவில்லை. ஒரே இடத்தில் அடுத்தடுத்த 4 விநாடிப் பதிவுகளிலும் மதிப்பு நிலைத்திருக்கிறதா என்று சோதித்த பிறகு இடங்களை ஒப்பிடுங்கள்.