பின்னங்கால் தளர்ந்த வயதான நாய்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் மணி லாப்ரடார். 12 வயதைத் தாண்டியதும் பின்னங்கால் தளர ஆரம்பித்தது. நடையைவிட எழுந்திருப்பதில்தான் முதலில் தெரிந்தது. முன்னங்காலை ஊன்றி மார்பைத் தூக்கிவிடுவான், பின்பக்கம் கூடவே எழாது. டைல்ஸ் தரையில் இரண்டு காலும் அகன்று வழுக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றார்கள் வீட்டில். எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. லாப்ரடார் மாதிரி பெரிய நாய்களுக்கு வளரும் பருவத்திலேயே இடுப்புக் கிண்ணத்தில் எலும்பு சரியாகப் பொருந்தாமல் போவதுண்டாம். வயதாக ஆக அந்த இடம் தேய்ந்து வலியெடுக்கும்.

மருந்துக்கு முன்னாலேயே பலன் தந்தது தரைதான். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை, ரப்பர் மேட், தேங்காய் நார் மிதியடி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு பாதை போட்டோம். பார்க்க அசிங்கம்தான், மாமியார் முணுமுணுத்தார். ஆனால் மணி தடுமாறாமல் நடந்தான். விரலிடுக்கு முடியையும் நகத்தையும் வெட்டிவிட்டால் பிடிமானம் இன்னும் கூடும். எடையைக் குறைப்பதுதான் பெரிய போராட்டம். தயிர்சாதம் பாதியானது, பிஸ்கட் நின்றது. யாரும் பார்க்காதபோது மாமனார் போடும் முறுக்கு மட்டும் நிற்கவில்லை.

படியிறங்க ஒரு பழைய வேட்டி போதும். நீளமாக மடித்து அடிவயிற்றுக்குக் கீழே, தொடைக்கு முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். அந்தரத்தில் தூக்க வேண்டாம், பாரத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் சரி. ஆண் நாய்க்கு மூத்திரம் போகும் இடம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்கிறதே என்று நமக்கு வாங்கி வைத்த ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். வயிறு புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். டாக்டர் எழுதும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக்கூட ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரக் கூடாது. ஏற்கெனவே ஏதாவது மருந்து ஓடுகிறதென்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

*

அக்கா, எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருந்தது. ஆனால் வலி கிடையாது, இடுப்பை அழுத்தினாலும் முகம் மாறாது. காலை இழுத்து நடப்பாள், சிமெண்ட் தரையில் நகம் உரசும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். பின்னங்கால் நகங்கள் மேல்பக்கமாகத் தேய்ந்திருந்தன.

டாக்டர் பின்பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் உடனே பாதத்தைத் திருப்பி வைத்துவிடும். இவள் மடங்கிய பாதத்தோடு அப்படியே நின்றாள். கால் எப்படி இருக்கிறதென்ற தகவலே மூளைக்குப் போகவில்லை. டிஜெனரேட்டிவ் மைலோபதி, அதாவது தண்டுவடம் மெல்ல மெல்லச் சிதையும் நோயாக இருக்கலாம் என்றார். பின்னால் எடுத்த மரபணுப் பரிசோதனையில் எஸ்ஓடி1 மரபணுவில் மாற்றம் இருந்தது, ஸ்கேனில் வேறு காரணம் எதுவும் தென்படவில்லை. மனிதர்களுக்கு வரும் ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) நோயில் ஒரு வகைக்கும் அதே மரபணுதான் காரணம். குணப்படுத்த மருந்தில்லை. தினமும் அளவாக நடக்க வைத்து, இருக்கிற தசை வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் புண் வந்துவிடும். மூத்திர ஈரத்தில் தோல் வெந்துபோகும். நம் ஊரில் ஈ வேறு. வால் அடியில் ஒரு சின்னப் புண் இருந்தாலும் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். சாயங்காலம் துடைத்துவிடும்போது டார்ச் அடித்துப் பார்ப்பேன். இத்தனைக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டால் காது விறைத்துவிடும்!

*

எங்கள் டாக்ஸண்ட் நேற்று வரை ஓடினான். இன்று காலையிலிருந்து பின்பக்கத்தை இழுக்கிறான், மூத்திரமும் போகவில்லை. அக்கா சொன்ன வேட்டியைக் கட்டி நடக்க வைக்கலாமா?

*

வேண்டாம் தம்பி, நடக்கவே விடாதீர்கள். மெல்ல மெல்லத் தளர்வது வேறு, ஒரே நாளில் விழுவது வேறு. உங்கள் நாயினத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குவது அதிகம். அதுவாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். முதுகு வளையாமல் ஒரு பலகையில் படுக்க வைத்து இப்போதே கிளம்புங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலி மாத்திரை எதுவும் கொடுக்காமல் போங்கள். மூத்திரம் போகவில்லை என்பதைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.