இரட்டைக் கேள்விக்குறிக்கு 'இன்மையீடு'

நண்பர்களே,

நிரலில் ஒரு மதிப்பு இல்லாதபோது மாற்று மதிப்பை எடுக்க இரட்டைக் கேள்விக்குறி (??) போடுகிறோம். 'நல் கோலெஸிங்' (null coalescing) எனப்படும் இந்தச் செயற்குறிக்கு 'வெற்று ஒன்றிணைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே எதுவும் எதனோடும் இணைவதில்லையே! இடப்பக்கம் மதிப்பு இருந்தால் அதுவே விடை. வலப்பக்கத்தை நிரல் தொடக்கூடத் தொடாது. இல்லாதபோதுதான் வலப்பக்கம் உள்ளதை எடுத்துக்கொள்ளும்.

'வெற்று' அதைவிடச் சிக்கல். நிரலில் எழுத்துகளின் தொடரைச் சரம் என்போம்; எழுத்தே இல்லாத சரத்தை வெற்றுச் சரம் என்கிறோம். அந்தச் சரத்தை இந்தக் குறி மதிப்பாகவே ஏற்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இது பிறந்த காரணமே அதுதான். அங்கே 2020இல் இது வருவதற்கு முன், முன்னிருப்பு மதிப்பு (வேறெதுவும் தராதபோது எடுக்கும் மதிப்பு) தர 'அல்லது' குறியைத்தான் (||) பெரும்பாலும் பயன்படுத்தினோம். நான் எழுதிய ஓர் ஒலிப்பானில் 'ஒலியளவு அல்லது 50' என்று வைத்திருந்தேன். பயனர் ஒலியை 0 ஆக்கிவிட்டு மூடுவார். மறுபடி திறந்தால் 50இல் அலறும். 0, வெற்றுச் சரம், பொய் எல்லாமே 'அல்லது' குறிக்கு இல்லாதவைதான். இரட்டைக் கேள்விக்குறி போட்டதும் 0 அப்படியே நின்றது.

சரி, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (null) என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? தமிழில் அது 'நல்ல' ஆகிவிடுகிறது. 'நல்மதிப்பு' என்று எழுதினால் என்ன பொருள் வரும், நீங்களே பாருங்கள்.

அதனால் 'இன்மையீடு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். இழப்புக்கு ஈடு இழப்பீடு. இன்மைக்கு ஈடு இன்மையீடு. மதிப்பீடு, வெளியீடு போன்றவற்றில் வரும் ஈடு 'இடுதல்' என்ற பொருளில் வருவது, அது வேறு. நமக்கு வேண்டியது இழப்பீட்டில் உள்ள ஈடு. நல், வரையறுக்கப்படாதது (undefined) இரண்டையும் 'இன்மை' தாங்கும். 0ஐயோ வெற்றுச் சரத்தையோ உள்ளே இழுக்காது.

குறியின் பெயர் 'இன்மையீட்டுச் செயற்குறி'. கூடவே சமக்குறி சேர்ந்தால் (??=) 'இன்மையீட்டு மதிப்பிருத்தல்': மாறியில் எதுவும் இல்லாதபோது மட்டும் மதிப்பை இடுவது. நீளம்தான், ஆனால் பாடம் நடத்தும்போது தனியாக விளக்க வேண்டியிருக்காது.

'இல்லையேல்' என்ற சொல்லும் மனதில் வந்தது. படிக்க இனிமையாக இருக்கிறது: 'ஒலியளவு இல்லையேல் 50'. ஆனால் நிபந்தனை பொய்யானால் இயங்கும் 'எல்ஸ்' (else) கிளைக்கு அதைப் பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரே நிரலில் இரண்டும் வந்தால் புதிதாகக் கற்பவர் திணறிப்போவார்.

தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) உள்ள 'கோலெஸ்' (COALESCE) செயற்கூறுக்கும் இதே சொல் பொருந்துமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். அது பல நெடுவரிசைகளை வரிசையாகப் பார்த்து, இன்மையல்லாத முதல் மதிப்பைத் தருகிறது. அதற்கு 'முதல் உளமதிப்பு' சரிவருமா? தரவுத்தளத்தில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.